கணக்கேடும் ஊர்நலனும் : இங்கிலாந்தில் அஞ்சலக மூடலும் உள்ளாட்சி மன்றங்களும்

கடிதம் எழுதும் வழக்கம் உலகெங்கும் அருகிவிட்டது. ஆயினும், ஓர் ஊரின் அஞ்சலகம் மூடப்படவிருக்கிறது என்னும் அறிவிப்பு வந்தவுடன் ஊரார் திரண்டு கையொப்பம் திரட்டுவதும், உள்ளாட்சி மன்றம் கூடித் தீர்மானம் நிறைவேற்றுவதும் பல நாடுகளிலும் நிகழ்கின்றன. ஆண்டுக்கு நான்கு கடிதங்கள்கூட எழுதாத மக்கள் அஞ்சலகத்திற்காக ஏன் போராடுகின்றனர் என்னும் வினா இங்கு இயல்பாகவே எழுகின்றது.

இவ்வினாவிற்கு விடை காண இங்கிலாந்தின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். தற்கால அஞ்சல் முறை பிறந்தது அந்நாட்டில்தான். 2007-க்கும் 2009-க்கும் இடையில் அஞ்சலகங்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டதும் அந்நாட்டில்தான். அக்காலத்தே எசெக்ஸ் கவுண்டி மன்றம் தன் நிதியிலிருந்து பணம் ஒதுக்கி அஞ்சலகங்களைக் காக்க முன்வந்தது. அச்செயல் புதுமையானது எனப் பலராலும் பேசப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முற்பட்ட முன்மாதிரி உண்டு. அம்முன்மாதிரியையும், மூடல் திட்டத்தின் போக்கையும், மன்றங்களின் எதிர்வினையையும், அவ்வெதிர்வினையால் விளைந்த பயனையும் வரம்பையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

அஞ்சலகத்தின் விரிவு

1840 ஜனவரி 10-ஆம் நாள் ரோலண்ட் ஹில் வகுத்த ஒரே சீரான ஒரு பென்னிக் கட்டண முறை பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் உலகின் முதல் ஒட்டு அஞ்சல்தலை பயன்பாட்டிற்கு வந்தது. அதற்கு முன்னர்த் தொலைவிற்கேற்பக் கட்டணம் கூடிற்று. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதனைச் செலுத்தினார். புதிய முறையில் எடை மட்டுமே அளவுகோலாயிற்று. அடுத்த தெருவிற்கும் நாட்டின் மறுகோடிக்கும் ஒரே கட்டணம். இலாபம் தரும் நகரத்துக் கடிதம், நட்டம் தரும் சிற்றூர்க் கடிதத்தின் செலவைத் தாங்கும் என்பதே இதன் உட்கருத்தாகும். அஞ்சல்துறையின் அறநெறி என்று எதனையேனும் சுட்டவேண்டுமாயின் இதனையே சுட்டலாம். பிற்கால வழக்குகள் யாவும் இந்நெறியைக் காப்பதா, கைவிடுவதா என்பதைச் சுற்றியே எழுந்தன.

கட்டணம் குறைந்தபின் அஞ்சல்துறை பல பணிகளைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் அஞ்சல்துறை அலுவலராகப் பணியாற்றியவர். அவருடைய பரிந்துரையின் பேரில் 1852-இல் ஜெர்சித் தீவில் தெருவோர அஞ்சற்பெட்டிகள் முதன்முதலாக நிறுவப்பட்டன. நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டனின் முயற்சியால் 1861-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. வங்கியின் படிக்கட்டை மிதித்தறியாத வேலைக்காரப் பெண்ணும் கூலித் தொழிலாளியும் ஒரு ஷில்லிங்கைக்கூட அங்குச் சேமிக்க முடிந்தது. 1870-இல் தந்திப் பணி அரசுடைமையாகி அஞ்சல்துறையின்கீழ் வந்தது. 1881-இல் அஞ்சல் ஆணையும் 1883-இல் சிப்ப அஞ்சலும் தொடங்கின.

இவ்வரிசையில் தலையாயது முதியோர் ஓய்வூதியம். 1908-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, எழுபது வயது நிரம்பிய வறியோர்க்கு வாரந்தோறும் ஐந்து ஷில்லிங் வரை வழங்கும் திட்டம் 1909 ஜனவரி முதல் நாள் செயலுக்கு வந்தது. பணம் வழங்கப்பட்ட இடம் அஞ்சலகம். ஏழையர் உதவிச் சபையின் வாயிலில் கைகட்டி நிற்க அஞ்சிய முதியோர், அஞ்சலகச் சாளரத்தின் முன் தலைநிமிர்ந்து நின்று தம் உரிமையைப் பெற்றனர். ஃபுளோரா தாம்சன் தம் இளமைக்காலச் சிற்றூர் வாழ்வைப் பதிவுசெய்த நூலில் இந்நிகழ்ச்சியை நெஞ்சுருகக் குறிப்பிடுகின்றார். பணத்தை எடுத்துக் கொடுத்ததன்றி வேறொன்றும் செய்யாத அஞ்சலகப் பெண்ணுக்கு, முதியோர் தம் தோட்டத்துப் பூக்களையும் ஆப்பிள்களையும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அரசு என்னும் அருவப் பொருளுக்கு அவ்வூரில் ஒரு முகம் இருந்தது என்றால், அது அஞ்சலகத்தின் முகமே எனலாம்.

கடையும் அஞ்சலகமும்

பிரிட்டனின் அஞ்சலகங்களை இரு வகையாகப் பகுத்துக் காணலாம். நிறுவனமே தன் ஊழியர்களைக் கொண்டு நேரடியாக நடத்திவந்தவை கிரவுன் அஞ்சலகங்கள். இவை பெரிய ஊர்களின் கடைத்தெருக்களில் அமைந்தவை. எண்ணிக்கையில் மிகச் சில. ஏனைய பெரும்பான்மை துணை அஞ்சலகங்களே. துணை அஞ்சலகத்தை நடத்துபவர் அரசு ஊழியர் அல்லர். ஒப்பந்தத்தின்பேரில் ஊதியம் பெறும் தனிமனிதர். கட்டடம் அவருடையது. பெரும்பாலும் மளிகைக்கடையோ எழுதுபொருள் கடையோ அவரே நடத்துவார். அதன் ஒரு மூலையில் அஞ்சலகச் சாளரம் இருக்கும்.

இவ்வமைப்பு பழைமையானது. ஃபுளோரா தாம்சன் 1891-இல் ஃபிரிங்ஃபோர்டு என்னும் சிற்றூரில் பணிக்குச் சேர்ந்த அஞ்சலகம் ஒரு கொல்லுப்பட்டறையோடு இணைந்திருந்தது. அஞ்சலகத் தலைவியாகிய மூதாட்டியே பட்டறைக்கும் உரிமையாளர். ஒருபுறம் குதிரைகளுக்கு இலாடம் அடிக்கும் ஓசை, மறுபுறம் தந்திக்கருவி.

இதன் பொருளியல் நுட்பம் கருதத்தக்கது. ஓய்வூதியம் பெற வருபவர் அங்கேயே ரொட்டியும் பாலும் வாங்குவார். அஞ்சலக ஊதியம் கடையின் வாடகையைத் தாங்கும். கடையின் விற்பனை அஞ்சலகத்தைத் தாங்கும். ஒன்றை அகற்றினால் மற்றொன்றும் சரியும். எனவே அஞ்சலகம் மூடப்படுவது என்பது பல சிற்றூர்களில் அவ்வூரின் கடைசிக் கடையும் மூடப்படுவதாகவே முடிந்தது. இவ்விழப்பு அஞ்சல் நிறுவனத்தின் கணக்கேட்டில் ஏறாது. உள்ளாட்சி மன்றங்களின் வாதத்திற்கு இதுவே அடிப்படையாக அமைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உத்தரவாதம்

உள்ளாட்சி மன்றம் அஞ்சலகத்தின் நட்டத்தைத் தாங்கும் வழக்கம் 2008-இல் புதிதாகத் தோன்றியதன்று. விக்டோரியா அரசியின் காலத்தில் அஞ்சல்துறை வருவாயை நோக்கியே இயங்கியது. வருவாய் போதாத சிற்றூரில் தந்தி நிலையமோ அஞ்சலகமோ வேண்டுமாயின், நட்டம் நேர்ந்தால் ஈடுசெய்வதாக எவரேனும் உத்தரவாதம் அளிக்கவேண்டும். தொடக்கத்தில் நிலக்கிழார்களும் செல்வர்களும் இதனைச் செய்தனர்.

1894-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சிற்றூர்களில் தேர்தல்வழி அமைந்த மன்றங்களைத் தோற்றுவித்தது. 1897-இல் அரசியின் வைரவிழாவையொட்டி நாட்டின் ஒவ்வொரு வீட்டிற்கும் கடிதம் கொண்டுசென்று தரப்படும் என அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1898-இல், அஞ்சல்துறை உத்தரவாதச் சட்டம் நிறைவேறியது. இதன்வழி உள்ளாட்சி மன்றங்கள் தம் வரி வருவாயிலிருந்து அத்தகைய உத்தரவாதத்தை அளிக்கும் உரிமை பெற்றன. 1953-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தின் 51-ஆம் பிரிவும் இவ்வுரிமையைத் தாங்கியிருந்தது. சிற்றூர் மன்றங்களின் அதிகாரங்களைத் தொகுத்துரைக்கும் கையேடுகளில் இப்பிரிவு நெடுங்காலம் இடம்பெற்று வந்தது.

இங்கு ஓர் உண்மை புலப்படுகின்றது. கட்டணம் எங்கும் ஒன்றே என்னும் நெறி கடிதத்திற்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தியது. அஞ்சலகம் என்னும் கட்டடத்திற்கு அது என்றுமே முழுமையாகப் பொருந்தவில்லை. கேட்கும் ஊரே பொறுப்பேற்கவேண்டும் என்னும் கருத்து, வளர்ச்சிக் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. வளர்ச்சிக் காலத்தில் அது புதிய அஞ்சலகத்தைப் பெறுவதற்கான விலை. சரிவுக் காலத்தில் இருப்பதை இழக்காமலிருப்பதற்கான விலை.

சரிவின் காரணங்கள்

1960-களில் பிரிட்டனில் ஏறத்தாழ 25,000 அஞ்சலகங்கள் இருந்தன. 1969-இல் அஞ்சல்துறை அரசுத்துறை என்னும் நிலையிலிருந்து பொதுத்துறைக் கழகமாக மாறியது. 1981-இல் தொலைபேசிப் பணி தனியே பிரிந்தது. நல்ல வருவாய் தந்த கிளை பிரிந்தபின் அஞ்சற்பணி தன் வருவாயைக்கொண்டே வாழவேண்டியதாயிற்று.

மின்னஞ்சல் வந்து அஞ்சலகத்தை அழித்தது எனப் பொதுவாகக் கூறுவர். அது முழு உண்மையன்று. அஞ்சலகத்தின் வருவாயில் பெரும்பங்கு, அரசின் பணிகளைச் செய்து தருவதற்காகக் கிடைத்த கட்டணமாகும். 2003 முதல் ஓய்வூதியமும் பிற உதவித்தொகைகளும் மக்களின் வங்கிக் கணக்கிற்கு நேரே செலுத்தப்படலாயின. 2006-இல் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் பெறும் பணி அஞ்சலகத்தினின்றும் விலகி வேறொரு தனியார் வலையமைப்பிற்குச் சென்றது. கூட்டத்தை அஞ்சலகத்திற்கு வரவழைத்த பணிகளை அரசே ஒவ்வொன்றாக அகற்றியது. பின்னர்க் கூட்டம் வரவில்லை என்பதையே மூடலுக்குக் காரணமாகவும் காட்டியது.

முதற்கட்டமாக, 2003 முதல் 2005 வரை நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 2,500 அஞ்சலகங்கள் மூடப்பட்டன. 2006 அக்டோபரில் துணை அஞ்சலகத்தார் கூட்டமைப்பு ஏறத்தாழ நாற்பது இலட்சம் கையொப்பங்கள் கொண்ட விண்ணப்பத்தைப் பிரதமர் இல்லத்தில் அளித்தது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் வணிகத்துறை அமைச்சர் அலிஸ்டர் டார்லிங் அடுத்த கட்டத்தை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். எஞ்சியிருந்த சுமார் 14,000 அஞ்சலகங்களுள் 2,500 வரை மூடப்படும். 2011 வரை அரசு 170 கோடி பவுன் வரை நிதியுதவி செய்யும் என்பன அவ்வறிவிப்பின் சாரம்.

அரசின் வாதத்தையும் நேர்மையுடன் பதிவுசெய்தல் வேண்டும். அஞ்சலக வலையமைப்பு வாரந்தோறும் ஏறத்தாழ 35 இலட்சம் பவுன் இழந்துகொண்டிருந்தது. வணிக நோக்கில் தாமே நிலைத்து நிற்கக்கூடியவை 4,000 அஞ்சலகங்களே. மிகச் சிறிய சிற்றூர் அஞ்சலகங்கள் சிலவற்றிற்கு வாரம் இருபது பேர்கூட வரவில்லை. துணை அஞ்சலகத்தார் பலர் முதுமையடைந்து, விலகிக்கொள்ள வழியின்றித் தவித்தனர். மூடப்படும் அஞ்சலகத்தின் பொறுப்பாளருக்கு 28 மாத ஊதியம் வரை இழப்பீடு வழங்கப்பட்டது. அதனை ஏற்று மகிழ்வுடன் விலகியவர்களும் உண்டு. ஊர் மூடலை எதிர்த்து நிற்க, அஞ்சலகத்தை நடத்துபவரே அதனை விரும்பிய இரங்கத்தக்க நிலையும் சில இடங்களில் நேர்ந்தது.

அளவுகோல்களும் ஆறு வாரங்களும்

மூடல் திட்டத்திற்கு அரசு சில அளவுகோல்களை வகுத்தது. நாட்டு மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர்க்கு மூன்று மைல் தொலைவிற்குள்ளும், தொண்ணூறு பேர்க்கு ஒரு மைல் தொலைவிற்குள்ளும் அஞ்சலகம் இருத்தல் வேண்டும். நகர்ப்புறத்தின் பின்தங்கிய பகுதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர்க்கு ஒரு மைலுக்குள் இருத்தல் வேண்டும். ஆறு, மலை போன்ற இயற்கைத் தடைகளையும் கருதவேண்டும் என்னும் அறிவுரையும் இருந்தது.

காகிதத்தில் இவை நியாயமானவை. ஆயினும் மைல் என்பது நிலத்தை அளக்குமேயன்றி நடப்பவரை அளக்காது. முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கு ஏற்றமான சாலையில் ஒரு மைல் எத்தகையது என்பதும், அடுத்த ஊருக்குப் பேருந்து நாளொன்றுக்கு எத்தனை முறை செல்கிறது என்பதும், அங்கிருந்து திரும்பிவரப் பேருந்து உண்டா என்பதும் அவ்வூர் மன்ற உறுப்பினர்க்கே தெரியும். உள்ளாட்சி மன்றத்தின் முதற்பணி இவ்வுள்ளூர் அறிவை ஆவணமாக்குவதாக அமைந்தது.

இதற்கெனக் கிடைத்த காலம் ஆறு வாரங்கள். ஒரு வட்டாரத்திற்கான மூடல் பட்டியல் வெளியிடப்பட்ட நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் மன்றங்களும் மக்களும் கருத்துரைக்கவேண்டும். மாதம் ஒருமுறை கூடும் சிற்றூர் மன்றம் ஒன்று அறிவிப்பைப் பெற்று, மக்களைக் கூட்டி, சான்றுகளைத் திரட்டி, தீர்மானம் இயற்றி அனுப்புவதற்குள் காலம் கழிந்துவிடும். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. எத்தனை அஞ்சலகங்களை மூடுவது என்பது முன்னரே முடிவாகிவிட்டது. எவற்றை மூடுவது என்பது பற்றியே கருத்துக் கேட்கப்பட்டது. ஓர் ஊர் தன் அஞ்சலகத்தைக் காத்துக்கொண்டால், பட்டியலில் அதனிடத்தை நிரப்ப வேறோர் ஊரின் அஞ்சலகம் தேடப்படும் என்னும் அச்சம் எங்கும் நிலவியது. ஒன்றுபட்டு நிற்கவேண்டிய ஊர்களை ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்தியது இம்முறை.

பயனாளர்களின் சார்பில் பேசுவதற்கென அமைந்திருந்த போஸ்ட்வாட்ச் என்னும் அமைப்பு சில முடிவுகளை மீளாய்வுக்கு உட்படுத்தியது. ஆனால் அவ்வமைப்பே 2008 அக்டோபரில், மூடல் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, வேறோர் அமைப்புடன் இணைக்கப்பட்டு மறைந்தது.

எசெக்ஸ் எடுத்த முடிவு

இங்கிலாந்தின் உள்ளாட்சி பல அடுக்குகளைக் கொண்டது. அடித்தளத்தில் சிற்றூர் மன்றங்களும் நகர் மன்றங்களும் உள்ளன. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு சிற்றூர் மன்றம் தன்னை நகர் மன்றம் என அழைத்துக்கொள்ளலாம், அதிகாரத்தில் வேறுபாடில்லை. இவற்றின் வருவாய், கவுன்சில் வரியுடன் சேர்த்து வாங்கப்படும் சிறு தொகையே. இவற்றிற்கு மேல் மாவட்ட மன்றங்கள். அதற்கும் மேல் கவுண்டி மன்றம். சாலை, பள்ளி, முதியோர் நலம் ஆகியவை கவுண்டி மன்றத்தின் பொறுப்புகள்.

அடித்தள மன்றங்கள் தீர்மானங்களையும் விண்ணப்பங்களையும் அனுப்பிக்கொண்டிருந்தபோது, 2008-இன் தொடக்கத்தில் எசெக்ஸ் கவுண்டி மன்றம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. மூடப்படவிருந்த அஞ்சலகங்களுள் சிலவற்றையேனும் தொடர்ந்து நடத்துவதற்காக, மூன்றாண்டுகளுக்கு 15 இலட்சம் பவுன் ஒதுக்குவதாக அது அறிவித்தது. 2000-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தன் பகுதியின் பொருளியல், சமூக, சுற்றுச்சூழல் நலனை வளர்க்கும் பொது அதிகாரத்தை மன்றங்களுக்கு வழங்கியிருந்தது. 1898-ஆம் ஆண்டின் உத்தரவாதக் கருத்து, நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின் வேறொரு சட்டத்தின் நிழலில் மீண்டும் உயிர்பெற்றது.

அம்முடிவின் பின்னே இருந்த கணக்கு எளியது. அஞ்சல் நிறுவனம் ஓர் அஞ்சலகத்தை மூடினால் அதன் ஆண்டுச் செலவு மிச்சமாகும். ஆனால் அவ்வூர் முதியவர் வீட்டிற்குள் முடங்கினால், அவரைக் கவனிக்கும் செலவு முதியோர் நலத்துறையைச் சாரும். கடை மூடப்பட்டால் ஊர் களையிழக்கும். அடுத்த ஊருக்குச் செல்லப் பேருந்து வேண்டுமாயின் அதற்கான மானியமும் கவுண்டி மன்றத்தின் தலையில் விழும். அஞ்சல் நிறுவனத்தின் கணக்கேட்டில் மிச்சமாகத் தோன்றும் தொகை, மன்றத்தின் கணக்கேட்டில் செலவாகத் தோன்றுகின்றது. இரண்டு ஏடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் பொறுப்பு எவர்க்கும் அளிக்கப்படவில்லை என்பதே இச்சிக்கலின் மையம்.

எசெக்ஸின் செயல் நாடெங்கும் கவனத்தை ஈர்த்தது. வேறு மன்றங்களும் அதனைப் பின்பற்ற எண்ணின. ஆனால் ஓர் அஞ்சலகத்தைக் காக்க எவ்வளவு தொகை வேண்டும் என்னும் எளிய வினாவிற்கே தெளிவான விடை கிடைப்பது அரிதாயிற்று. துணை அஞ்சலகத்தாரின் ஊதியம் மட்டும் செலவன்று. பணம் கொண்டுசெல்லுதல், கணினி இணைப்பு ஆகியவற்றின் பங்கும் உண்டு. மூடினால் அதன் வாடிக்கையாளர் அடுத்த அஞ்சலகத்திற்குச் சென்றிருப்பர். மூடாவிடின் அவ்வருவாய் அங்குச் செல்லாது. அதனையும் இழப்பாகக் கணக்கிடலாமா என்பது வழக்கிற்குரியதாயிற்று. வணிக இரகசியம் என்னும் திரைக்குப் பின்னிருந்த எண்களோடு ஆறு வாரங்களுக்குள் வாதிடுவது எம்மன்றத்திற்கும் எளிதன்று.

எதிர்வாதங்கள்

எசெக்ஸின் வழியை ஐயுற்றவர்களும் இருந்தனர். அவர்தம் வாதங்கள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

முதலாவது, இரட்டை வரி. அஞ்சல் வலையமைப்பைத் தாங்க மக்கள் நடுவண் அரசுக்கு ஏற்கெனவே வரி செலுத்துகின்றனர். அதே அஞ்சலகத்திற்காக உள்ளூர் வரியிலிருந்தும் ஏன் செலுத்தவேண்டும்? இரண்டாவது, ஏற்றத்தாழ்வு. செல்வ வளமுள்ள மன்றம் தன் அஞ்சலகங்களைக் காத்துக்கொள்ளும். வறிய பகுதியின் மன்றத்திற்கு அஞ்சலகத்தின் தேவை மிகுதி, பணமோ குறைவு. நகரம் சிற்றூரைத் தாங்கும் என்னும் பழைய நெறி போய், அவரவர் ஊரை அவரவர் தாங்கும் நிலை வந்துவிடும். மூன்றாவது, முன்மாதிரியின் தீமை. உள்ளாட்சி பணம் தரும் எனத் தெரிந்தபின் நடுவண் அரசு தன் கையை மேலும் சுருக்கிக்கொள்ளும்.

இவ்வாதங்கள் மூன்றும் வலியவை. ஆயினும், அடுத்த மாதம் மூடப்படவிருக்கும் அஞ்சலகத்தின் முன் நிற்கும் மன்ற உறுப்பினருக்கு நெறி பற்றிய நீண்ட விவாதத்திற்குக் காலமில்லை. நாட்டளவில் அநீதி என்று தெரிந்தும் ஊரளவில் ஒரு நன்மையைச் செய்வதா, நெறியைக் காப்பதற்காக ஊரை இழப்பதா என்னும் இக்கட்டில் எசெக்ஸ் முன்னதைத் தேர்ந்தது.

இதே காலத்தில் நாடாளுமன்றத்திலும் போராட்டம் நடந்தது. மூடல் திட்டத்தை நிறுத்திவைக்கக் கோரி எதிர்க்கட்சி 2008 மார்ச் 19-இல் கொணர்ந்த தீர்மானம் 20 வாக்கு வேறுபாட்டில் தோல்வியுற்றது. ஆளுங்கட்சி உறுப்பினர் சிலரே தம் அரசை எதிர்த்து வாக்களித்தனர். தம் தொகுதியில் மூடலை எதிர்த்து ஊர்வலம் சென்ற உறுப்பினர் பலர், நாடாளுமன்றத்தில் மூடலுக்குச் சார்பாக வாக்களித்தனர் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது.

பின்வந்த நிகழ்வுகள்

திட்டம் நிறைவேறியபோது அஞ்சலகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 11,500-க்கு வந்து நின்றது. மூடப்பட்ட இடங்கள் சிலவற்றிற்கு மாற்றாகச் சுமார் 500 புறநிலைப் பணிகள் தொடங்கப்பட்டன. நடமாடும் ஊர்தி, ஊர்க்கூடத்திலோ தேவாலயத்திலோ வாரத்தில் சில மணிநேரம் இயங்கும் சாளரம், வீடு தேடிவரும் பணி என இவை பலவகைப்பட்டன. 2008 நவம்பரில், அஞ்சலகக் கணக்கட்டைப் பணியைப் போட்டி ஏலத்தில் விடும் முயற்சியை அரசு கைவிட்டு, அதனை அஞ்சலகத்திடமே தொடர்ந்து அளித்தது. மன்றங்களும் மக்களும் எழுப்பிய குரல் முற்றிலும் வீண்போகவில்லை என்பதற்கு இது சான்று.

2010-இல் பொறுப்பேற்ற கூட்டணி அரசு மீண்டும் மூடல் திட்டம் இராது என உறுதியளித்தது. 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சியுரிமைச் சட்டம் மன்றங்களின் அதிகாரத்தை மேலும் விரிவாக்கியது. ஊருக்கு இன்றியமையாத கடை, அஞ்சலகம் போன்றவற்றைச் சமூகச் சொத்தாகப் பதிவுசெய்யவும், அவை விற்பனைக்கு வரும்போது ஊரார் விலைகூறுவதற்குக் கால அவகாசம் பெறவும் அச்சட்டம் வழிசெய்தது. 2012-இல் அஞ்சலக நிறுவனம் ராயல் மெயிலினின்றும் பிரிந்தது. 2013-இல் ராயல் மெயில் தனியார்மயமாயிற்று.

அஞ்சலகத்தை நடத்த முன்வரும் மனிதர் இல்லையெனில் மன்றத்தின் பணமும் சட்டமும் பயனற்றவை. ஹொரைசன் என்னும் கணினிக் கணக்கு முறையின் பிழையால், 1999 முதல் 2015 வரை துணை அஞ்சலகத்தார் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை நீக்கியது. ஊரின் மதிப்பிற்குரியவராக விளங்கிய அஞ்சலகத்தாரின் நிலையை இக்கொடுமை சிதைத்தது.

காலத்தின் திருப்பம் வேறொன்றையும் காட்டியது. வங்கிகள் தம் கிளைகளை ஆயிரக்கணக்கில் மூடியபோது, ரொக்கப் பணம் பெற மக்களுக்கு எஞ்சிய இடம் அஞ்சலகமே. பல வங்கிகளின் வாடிக்கையாளர்க்கும் பொதுவாக அஞ்சலகம் நடத்தும் வங்கி மையங்கள் 2021-இல் இரண்டு ஊர்களில் முதன்முதலாகத் தொடங்கின. அவற்றுள் ஒன்று எசெக்ஸ் கவுண்டியின் ராச்ஃபோர்டு. பயனற்றது என ஒதுக்கப்பட்ட சாளரத்திற்கு அதே மண்ணில் புதிய பயன் கண்டறியப்பட்டது எண்ணத்தக்கது.

ஆயினும் வழக்கு முடிந்தபாடில்லை. 2024 நவம்பரில், எஞ்சியிருந்த 115 கிரவுன் அஞ்சலகங்களை நேரடியாக நடத்துவதைக் கைவிடக் கருதுவதாக அஞ்சலக நிறுவனம் அறிவித்தது. இவை கடைத்தெருக்களின் நடுவே அமைந்த நகர அஞ்சலகங்கள். நகர் மன்றங்கள் மீண்டும் கூடின; மீண்டும் தீர்மானங்கள் இயற்றப்பட்டன. முன்னர்ச் சிற்றூர் கேட்ட வினாவை இப்போது நகரம் கேட்டது.

தமிழ் மண்ணின் தொடர்பு

இவ்வரலாறு தமிழர்க்கு முற்றிலும் அயலானதன்று. ரோலண்ட் ஹில்லின் நெறியைத் தழுவியே 1854-இல் இந்தியாவில் தொலைவைக் கருதாத ஒரே கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அரையணா அஞ்சல்தலை வெளிவந்தது. பிரிட்டனைப் பின்பற்றி 1882-இல் இந்திய அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. தமிழகச் சிற்றூர்களின் கிளை அஞ்சலகங்களை நடத்துவோரும் முழுநேர அரசு ஊழியர் அல்லர்; கிராம அஞ்சல் ஊழியர் எனப்படும் அவர்களுள் பலர் தம் வீட்டின் ஒரு பகுதியிலேயே அஞ்சலகத்தை நடத்துகின்றனர். முதியோர் உதவித்தொகையும் நூறு நாள் வேலையின் கூலியும் அவ்வழியே ஊருக்கு வந்ததுண்டு. எனவே இங்கிலாந்தின் சிற்றூர் மன்றங்கள் எதிர்கொண்ட வினா நம் ஊராட்சிகளையும் ஒருநாள் எதிர்நோக்கக்கூடும்.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. அஞ்சலகத்தின் மதிப்பு கடிதத்தின் எண்ணிக்கையில் அடங்காது. அரசின் பணத்தையும் ஊரின் கடையையும் முதியோரின் தன்மதிப்பையும் ஒரு சாளரத்தில் இணைத்ததாலேயே ஊர் அதற்காகப் போராடியது. அதனை மூடும் முடிவை எடுத்தவர் ஒருவர். அதன் விளைவைச் சுமந்தவர் மற்றொருவர். உள்ளாட்சி மன்றங்களின் தீர்மானங்கள் இவ்விடைவெளியைச் சுட்டிக்காட்டின. எசெக்ஸ் மன்றம் தன் பணத்தால் அதன் ஒரு பகுதியை நிரப்பியது. ஆனால் நிரப்பவேண்டிய கடமை எவருடையது என்னும் வினாவிற்கு 1898-ஆம் ஆண்டின் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் ஒதுக்கீடும் ஒரே விடையையே கூறின: கேட்பவரே தாங்குக என்பதே அது.

1840-இல் ஒரு பென்னிக் கட்டணம் கூறிய விடை வேறு. எந்த ஊரும் தன் தொலைவிற்காகத் தண்டிக்கப்படலாகாது என்றது அது. இவ்விரு விடைகளுக்கும் இடையில் ஒரு நாடு எதனைத் தேர்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் கடைக்கோடி ஊரில் அஞ்சலகக் கதவு திறந்திருப்பதும் அடைபடுவதும் அமையும்.